காசு கொடுத்து வாங்கின கேமை ஓட விடாத பூட்டு: வேலூர் பக்கத்து ஆளுங்க பேசுங்க

#1 காட்பாடி_ஜங்ஷன்

எங்க தெருவுல பாதாள சாக்கடைக்காகத் தோண்டினாங்க. தோண்டினதுல நெட் கேபிள் அறுந்துபோச்சு. கேபிள்காரர் வந்து ஒட்டுற வரைக்கும் வீட்டுல நெட் கிடையாது. லீவு நாள், வெளிய மழை, வாங்கி வெச்ச கேமை ஆடலாம்னு உக்காந்தேன்.

ஒத்த ஆளா ஆடுற கதை கேம் அது. ஆன்லைன்ல யார் கூடவும் மோதுற வேலையே இல்ல. 70 ஜிபிக்கு மேல இறக்கி என் ஹார்ட் டிஸ்க்ல கிடக்குது. க்ளிக் பண்ணா, உரிமத்தைச் சரிபார்க்கணும், நெட்டைப் போடுன்னு ஒரு பெட்டி வந்து நிக்குது. அதுக்கு மேல நகரல.

போன்ல ஹாட்ஸ்பாட் போட்டா உள்ள விடுது. ஆனா எங்க வீட்டுக்குள்ள சிக்னல் நிக்காது. சிக்னல் போன நிமிஷம் கேமும் நிக்குது.

எதிர் வீட்டுப் பையன் இதே கேமை எங்கிருந்தோ க்ராக் (பூட்டை உடைச்ச திருட்டுப் பிரதி) இறக்கி ஆடுறான். அவனுக்கும் அதே கேபிள்தான் அறுந்துச்சு. அவன் கேம் ஓடுது. முழு விலை கொடுத்த எனக்கு ஓடல. இது எந்த ஊர் நியாயம்? கேம் பேர், கம்பெனி பேர் இங்க வேணாம். இந்த ஏற்பாட்டைப் பத்திப் பேசணும்.

#2 பாகாயம்_பேருந்து

ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையிலதானே வாங்கினீங்க? அதுல நெட் இல்லாம ஆட ஆஃப்லைன் மோடு இருக்கே, அதைப் போட்டுப் பாத்தீங்களா?

#3 காட்பாடி_ஜங்ஷன்

போட்டுப் பாத்தேன், அது மட்டும் போதல. இந்த கேம் கடையோட லாஞ்சர் (கேமைத் திறந்து விடுற செயலி) ஒண்ணு, கம்பெனியோட சொந்த லாஞ்சர் ஒண்ணுன்னு ரெண்டு வாசல் வெச்சிருக்கு. முதல் வாசல் ஆஃப்லைன்ல திறக்குது. ரெண்டாவது திறக்கல.

#4 ஆபீசர்ஸ்_லைன்_86

தம்பி, இந்தச் சண்டை ரொம்பப் பழசு. 90கள்ல ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல டாஸ் (விண்டோஸுக்கு முந்தின இயங்குதளம்) கத்துக்கப் போவோம். பாடம் முடிஞ்சதும் சார் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாங்கிற கேமை ஆட விடுவார். முதல் கட்டம் முடிச்சா ஒரு அறை வரும், நிறைய குப்பி இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து. கேமோட வந்த புத்தகத்துல இத்தனாவது பக்கம், இத்தனாவது வரி, இத்தனாவது வார்த்தையோட முதல் எழுத்து என்னன்னு கேக்கும். சரியான குப்பியைக் குடிச்சாத்தான் அடுத்த கட்டம். தப்பா குடிச்சா உயிர் குறையும்.

வேலூர்ல யார்கிட்ட அந்தப் புத்தகம் இருந்துச்சு? ஃப்ளாப்பிதான் கை மாறி வரும். யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்த விடைத்தாளை செராக்ஸ் எடுத்து மானிட்டர் பக்கத்துல ஒட்டி வெச்சிருந்தாங்க. ஒரு செராக்ஸ் தாள்ல அந்தப் பூட்டு முடிஞ்சுது. அமெரிக்காவுல ஒழுங்கா வாங்கினவன் புத்தகத்தைத் தொலைச்சிருந்தா அவன் கதி என்னன்னு அப்பவே யோசிப்பேன்.

மங்கி ஐலண்டுங்கிற கேம்ல, விடை பாக்க சுத்துற அட்டைச் சக்கரம் கொடுத்தாங்க. எல்லாத்துலயும் ஒரே எண்ணம்தான்: நீ வாங்கினவன்னு ஒவ்வொரு தடவையும் நிரூபி. ஆனா ஒரு வித்தியாசத்தைச் சொல்லணும். அந்தப் புத்தகம் நம்ம கையில இருந்துச்சு. கம்பெனி மூடினாலும் புத்தகம் அலமாரியில இருக்கும். இப்ப சாவி அவங்க வீட்டுல இருக்கு.

#5 விஐடி_பழைய_மாணவன்

ஆபீசர்ஸ் லைன் அண்ணா சொன்னதுல கடைசி வரிதான் முக்கியம். அந்தச் சாவி எப்படி அவங்க வீட்டுக்குப் போச்சுன்னு சொல்றேன்.

90கள் கடைசியில சிடி ரைட்டர் வீட்டுக்கு வந்ததும் சிடிலயே பூட்டு போட்டாங்க. சேஃப்டிஸ்க்னு ஒண்ணு. டிஸ்க்ல வேணும்னே படிக்க முடியாத செக்டர்களை வெப்பாங்க. சாதாரணமா காப்பி எடுத்தா அந்தப் பழுது அப்படியே வராது, அதை வெச்சு இது நகல்னு கண்டுபிடிக்கும். செக்யூராம்ங்கிற இன்னொரு பூட்டு, டிஸ்க்ல தரவு எந்த இடத்துல எவ்வளவு நெருக்கமா இருக்குன்னு அளக்கும். ஸ்டார்ஃபோர்ஸ் இன்னும் ஒரு படி மேல, விண்டோஸ் அடியில தன்னோட டிரைவரையே இறக்கி உக்காரும். ஆளுங்க கொதிச்சுப்போய், கேம் கம்பெனி யுபிசாஃப்ட் 2006ல அதைக் கைவிட்டது.

இதுல பாவம், ஒரிஜினல் டிஸ்க்கே கீறல் விழுந்தா நகல்னு தள்ளிடும். நம்ம ஊர் தூசிக்கு டிஸ்க் எத்தனை வருஷம் தாங்கும்?

பெரிய அடி 2015ல வந்துச்சு. சேஃப்டிஸ்க் நம்பியிருந்த செக்டிரைவ்ங்கிற டிரைவர்ல பாதுகாப்பு ஓட்டை. விண்டோஸ் 10ல மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவே இல்ல. அதே வருஷம் செப்டம்பர்ல விஸ்டா, 7, 8லயும் ஒரு அப்டேட் போட்டு நிறுத்திட்டாங்க. பாதுகாப்புக்கு அது சரியான முடிவுதான், ஆனா அந்தப் பூட்டை நம்பின டிஸ்க் எல்லாம் அந்த விண்டோஸ்கள்ல ஓடாமப் போச்சு. அந்த கேமை நோ-சிடி க்ராக் (டிஸ்க்கைக் கேக்காம ஓட வைக்கிறது) போட்டு ஆடினவனுக்கு ஒண்ணும் ஆகல.

நடுவுல ஆக்டிவேஷன் கணக்குன்னு ஒரு கொடுமை. 2008ல ஸ்போர்ங்கிற கேம் வந்தப்ப மூணு கம்ப்யூட்டர்லதான் போடலாம்னாங்க. அமேசான்ல ஆயிரக்கணக்கான பேர் ஒத்த நட்சத்திரம் போட்டு திட்டினாங்க, வழக்கும் போச்சு, அப்புறம் அஞ்சா ஏத்தினாங்க. நம்ம வீடுகள்ல வைரஸ் வந்தா விண்டோஸை ஃபார்மேட் பண்றதுதான் வைத்தியம். ஃபார்மேட் பண்ணப் பண்ண கணக்கு தீர்ந்துகிட்டே வரும்.

#6 குடியாத்தம்_கைத்தறி

2012 கரண்ட் கட்டை யாரும் சொல்லலயே! சென்னைக்கு ரெண்டு மணி நேரம், நமக்குப் பாதி நாளுக்கு மேல. எங்க ஊர்ல தறி நிக்கும், தீப்பெட்டி வேலை நிக்கும், பசங்க படிப்பு நிக்கும். வசதியிருந்தவங்க இன்வெர்ட்டர் போட்டாங்க. இன்வெர்ட்டர்ல கம்ப்யூட்டர் ஓடும், ஆனா தெரு முனையில இருக்கிற நெட்காரர் பெட்டிக்கு பேட்டரி இருக்காது. கம்ப்யூட்டர் இருக்கு, கேம் இருக்கு, நெட் இல்ல.

அந்தக் காலத்துலதான் எப்பவும் ஆன்லைன்ல இருன்னு கேம் வர ஆரம்பிச்சுது. அசாசின்ஸ் கிரீட் 2 பிசிக்கு 2010 மார்ச்ல வந்துச்சு. நெட் அறுந்தா ஆட்டம் அங்கயே நிக்கும். வந்த வாரமே அதை வெளியிட்ட யுபிசாஃப்ட் சர்வர் மேல தாக்குதல் நடந்து, வாங்கினவங்க பல மணி நேரம் ஆட முடியல. 2013ல சிம்சிட்டி. ஊர் கட்டுற கேம், தனியா உக்காந்து ஆடுறது. சர்வர் தாங்காம முதல் வாரம் முழுக்க ஆளுங்க வரிசையில நின்னாங்க. ஆஃப்லைனா மாத்தறது லேசான வேலை இல்லன்னு அதை வெளியிட்ட ஈஏ கம்பெனி சொன்னாங்க. சில நாள்லயே ஒரு மாடர் (கேமோட நிரலை மாத்திப் பாக்கிறவர்) நெட் இல்லாம ஓட வெச்சுக் காட்டினார். அடுத்த வருஷம் மார்ச்ல அவங்களே ஆஃப்லைன் மோடு கொடுத்தாங்க.

முடியாதுன்னு சொன்னது ஒரு வருஷத்துல முடிஞ்சுதுன்னா, அதுவரைக்கும் யாருக்காக முடியாம இருந்துச்சு?

இந்தத் தீர்மானத்தை எடுக்கிற அறையில குடியாத்தத்துல இருந்து ஒரு ஆள் இருந்தா இப்படி நடந்திருக்காது. கரண்டும் நெட்டும் அறுபடவே அறுபடாதுன்னு நம்புறவங்க மட்டும் உக்காந்து எடுத்த முடிவு இது.

#7 வாலாஜா_டெவலப்பர்

நான் வாலாஜாபேட்டை. இப்ப சென்னையில ஒரு சின்ன கேம் ஸ்டுடியோவுல வேலை. எல்லாரும் ஒரு பக்கமே பேசறீங்க, மறுபக்கத்தையும் கேளுங்க.

ஒரு கேம் எடுக்க பல வருஷம் ஆகும். அந்த வருஷம் முழுக்க சம்பளம் கடன்ல ஓடும். வெளிவந்த முதல் சில வாரத்துல வர்ற காசுதான் பெரும்பங்கு. அந்த வாரங்கள்ல க்ராக் வந்தா என்ன ஆகும்னு 2024ல ஒரு ஆய்வு வந்துச்சு, டெனுவோங்கிற பாதுகாப்பு போட்ட கேம்களை வெச்சுப் பண்ணினது. வெளிவந்த உடனே உடைஞ்சா வருமானத்துல சராசரியா 20 சதவீதம் வரைக்கும் போகுதுன்னு அதுல கணக்கு. 20 சதவீதம்னா எங்க மாதிரி இடத்துல ரெண்டு மூணு பேரோட வேலை.

டெனுவோங்கிறதையும் தப்பாப் புரிஞ்சுக்காதீங்க. அது தனிப் பூட்டு இல்ல, ஏற்கனவே இருக்கிற பூட்டை உடைக்க விடாம சுத்திப் போடுற வேலி. 2014ல ஃபிஃபா 15ல வந்துச்சு. முதல் தடவை நெட்ல ஒரு அனுமதிச் சீட்டு வாங்கி அந்த மெஷினோட கட்டும். அதுக்கப்புறம் பெரும்பாலும் ஆஃப்லைன்ல ஓடும். திருடுறவனைத் தடுக்காம விடுங்கன்னு எங்ககிட்ட சொல்றது நியாயம் இல்ல. காட்பாடி அண்ணனோட கோபம் சரி. ஆனா எதிர் வீட்டுப் பையன்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க.

#8 காட்பாடி_ஜங்ஷன்

> திருடுறவனைத் தடுக்காம விடுங்கன்னு எங்ககிட்ட சொல்றது நியாயம் இல்ல

நான் அப்படிச் சொல்லல தம்பி. எதிர் வீட்டுப் பையன்கிட்ட கேட்டேன். அவன் சொன்னது, "உங்களுக்கு ஓடலயே அண்ணா, நான் ஏன் வாங்கணும்?" அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு என்ன இருக்கு? நாம வாங்கினது நல்லா ஓடுது, அப்டேட் வருது, சேவ் பத்திரமா இருக்குன்னு காட்ட முடிஞ்சா அவனை நான் மாத்தியிருப்பேன். நீங்க போட்ட வேலி எனக்கு இருந்த ஒரே பதிலையும் பிடுங்கிக்கிச்சு.

கோயில்ல திருட்டு போகுதுன்னு சாமி கும்பிட வர்றவங்களை மட்டும் சோதிச்சு அனுப்பினா, சுவர் ஏறிக் குதிக்கிறவன் சோதனையே இல்லாம உள்ள போவான். அந்த வேலை இது.

அந்த ஆய்வை நானும் தேடிப் படிச்சேன். நீங்க ஒரு பாதியை மட்டும் சொன்னீங்க. வெளிவந்து 12 வாரத்துக்கு மேல தாங்கிட்டா, அதுக்கப்புறம் க்ராக் வந்தாலும் நட்டம் ஏறக்குறைய ஒண்ணுமே இல்லன்னும் அதுலதான் இருக்கு. அப்ப நாலாவது மாசம் பூட்டைக் கழட்டினா என்ன? நான் வாங்கின கேம் வந்து மூணு வருஷம் ஆச்சு. இன்னும் யாருக்காகக் காவல் காக்குது?

#9 விஐடி_பழைய_மாணவன்

ரெசிடென்ட் ஈவில் வில்லேஜையும் சேர்த்துக்கங்க. 2021ல வந்துச்சு. சில இடங்கள்ல கேம் திக்கித் திக்கி ஓடுச்சு. க்ராக் ஆன பதிப்புல அந்தத் திக்கல் இல்ல. அளந்து பாத்து எழுதினாங்க, ஜூலைல அதை எடுத்த கேப்காம் கம்பெனி பேட்ச் (திருத்தம்) விட்டதும் சரியாச்சு. அதுவரைக்கும் திருட்டுப் பதிப்பு ஒரிஜினலைவிட நல்லா ஓடுச்சு. டெக்கன் 7லயும் இதே மாதிரிப் பேச்சு வந்துச்சு.

எங்க ஊர்ல புதுசா வந்த கிராபிக்ஸ் கார்டை எத்தனை பேர் வாங்கினாங்க? நாம எல்லாம் குறைஞ்சபட்சத் தேவைக்குப் பக்கத்துல இருக்கிற மெஷின்ல ஓட்டுறவங்க. அதிகப்படி சுமை விழுந்தா முதல்ல நம்ம தலையிலதான்.

#10 ஆம்பூர்_கம்ப்யூட்டர்_கடை

நான் ஆம்பூர்ல ரொம்ப வருஷமா கம்ப்யூட்டர் கடை வெச்சிகினு கீறேன். கவுண்டர்ல நின்னு பாத்ததைச் சொல்றேன், யார் பேரும் இல்லாம.

ஒரு காலத்துல ஒரிஜினல் டிவிடி வாங்கி அடுக்கி வெச்சேன். பிளாட்பாரத்துல பர்ன் பண்ண டிஸ்க் பிரியாணி விலையைவிடக் கம்மிக்கு வித்துகினு இருந்தாங்க. இருந்தும் நான் ஒரிஜினல்தான் விப்பேன்னு பிடிவாதமா இருந்தேன். தோல் ஷாப்ல வேலை செய்ற ஒரு அண்ணன், பையன் பத்தாவதுல நல்ல மார்க் வாங்கினான்னு ஒரு கார் ரேஸ் கேம் வாங்கினு போனார். மறுநாளே வந்துட்டார். "இன்னாபா, சீரியல் நம்பர் போட்டா ஏற்கனவே யாரோ போட்டுட்டாங்கன்னு சொல்லுது." டிஸ்க்கு நான் பிரிக்காத சீல்ல கொடுத்தது. கம்பெனிக்கு மெயில் போட்டோம். பில்லை ஸ்கேன் பண்ணி அனுப்புன்னாங்க, அனுப்பினோம். அட்டைப்பெட்டியை போட்டோ எடுத்து அனுப்புன்னாங்க, அனுப்பினோம். அதுக்கப்புறம் பதிலே இல்ல.

அவர் என்கிட்ட கோச்சிக்கல. அதான் எனக்கு இன்னும் வலிக்குது. "பரவால்ல நைனா, நீ இன்னா பண்ணுவ"ன்னு சொல்லிட்டுப் போனார். அவருக்கு என் கைக்காசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பையன் அதே கேமை பிளாட்பாரத்துல வாங்கி ஆடினான்னு அப்புறம் தெரிஞ்சுது. இந்த மாதிரி ஆளுங்க எத்தனை பேர்! காசு கொடுக்கணும்னு மனசார வந்த ஜனம் இது. ஒவ்வொருத்தரா திரும்பிப் போனாங்க. நான் அப்புறம் கேம் விக்கறதையே விட்டுட்டேன்.

வாலாஜா தம்பி, உங்க 20 சதவீதம் எனக்குப் புரியுது. கடை வெச்சவனுக்கு நட்டம்னா என்னன்னு தெரியும். ஆனா இப்படித் திரும்பிப் போனவங்க எந்த ஆய்வுல வர்றாங்க?

இன்னொண்ணு, க்ராக் போடுற பசங்களுக்கும் சொல்றேன். சர்வீஸுக்கு வர்ற மெஷின்ல பாதி அதாலதான் வருது. ஆன்டிவைரஸை நிறுத்துன்னு சொல்லித்தான் க்ராக் இறங்கும். நிறுத்தினா உள்ள இன்னா வருதுன்னு யாருக்குத் தெரியும்? அப்பா ஜிஎஸ்டி ஃபைல் வெச்சிருக்கிற மெஷின்ல இதைப் பண்ணாதீங்க.

#11 வாலாஜா_டெவலப்பர்

ஆம்பூர் அண்ணா, உங்க பதிவை எங்க டீம்ல படிச்சுக் காட்டினேன். அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. திரும்பிப் போனவங்களை யாரும் எண்ணல, அது உண்மை.

முதல் வாரப் பாதுகாப்பு தேவைங்கிறதுல நான் அப்படியேதான் நிக்கிறேன். ஆனா கழட்டுற தேதியை வாங்கும்போதே எழுதிக் கொடுக்கணும்ங்கிறதை ஒத்துக்கிறேன். பல கம்பெனி சில மாசத்துலயோ ஒண்ணு ரெண்டு வருஷத்துலயோ டெனுவோவைச் சத்தமில்லாம எடுக்கத்தான் செய்றாங்க. சொல்லிட்டே செஞ்சா வாங்குறவங்களுக்கு நம்பிக்கை வரும்.

பூட்டே இல்லாம வித்து ஜெயிச்சவங்களும் இருக்காங்க, மறைக்கல. விட்சர் 3ங்கிற கேமை 2015ல வந்த நாள்லயே ஜிஓஜிங்கிற ஆன்லைன் கடையில எந்தப் பூட்டும் இல்லாம வித்தாங்க. 2023க்குள்ள 5 கோடி பிரதி தாண்டிச்சு. ஆனா அவங்க பேருக்கு இருக்கிற மதிப்பு முதல் கேம் எடுக்கிற நாலு பேர் கொண்ட குழுவுக்கு இருக்காது.

#12 கோர்ட்_வளாகம்_சத்துவாச்சாரி

சத்துவாச்சாரி கோர்ட்ல வக்கீலா இருக்கேன். இங்க கொஞ்சம் சட்டமும் பேசணும்.

1957ஆம் வருஷப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்துல 2012ல 65ஏ பிரிவைச் சேர்த்தாங்க. தொழில்நுட்பப் பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, அபராதம். ஆனா அந்தப் பிரிவுல ஒரு நிபந்தனை இருக்கு: உரிமையை மீறுற எண்ணத்தோட உடைச்சிருக்கணும். சட்டம் தடுக்காத காரியத்துக்காகச் செய்தா அந்தப் பிரிவு பொருந்தாதுன்னும் எழுதியிருக்கு. 52(1)(ஏஏ) பிரிவு, சட்டப்படி நிரலை வெச்சிருக்கிறவர் அது எதுக்காக வழங்கப்பட்டதோ அந்தப் பயனுக்காகவும், தொலைஞ்சாலோ கெட்டாலோ இருக்கட்டும்னு தற்காலிகப் பாதுகாப்புக்காகவும் பிரதி எடுக்க அனுமதிக்குது. காசு கொடுத்து வாங்கினவங்க பக்கம் நம்ம சட்டம் ஓரளவு நிக்குது.

இதைப் படிச்சுட்டு க்ராக் இறக்கப் போயிடாதீங்க. முறைகேடான பிரதின்னு தெரிஞ்சே பயன்படுத்தினா 63பி தனிக் குற்றம், குறைஞ்சது ஏழு நாள் சிறைன்னு அதுல இருக்கு. உங்க டிஸ்க்கை நீங்க வேலை செய்ய வைக்கிறது வேற. யாரோ ஏத்தின பிரதியை இறக்குறது வேற.

நுகர்வோர் வழிதான் உங்களுக்குச் சரி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே புகார் போடலாம். கம்பெனி எந்த ஊர்ல, எந்த நாட்டுல இருந்தாலும் வேலூர் மாவட்ட ஆணையத்துல போடுறதுக்கு அது தடை இல்ல. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் கிடையாது. மனுவை ஆன்லைன்லயே பதியலாம். முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க, நிறைய விஷயம் அங்கயே முடியுது.

வாங்கின பக்கத்துல, எப்பவும் இணையம் தேவைன்னு தெளிவா எழுதியிருந்துச்சா, இல்லையா? வழக்கே அங்கதான் இருக்கு.

#13 குடியாத்தம்_கைத்தறி

மேடம், நல்லா சொன்னீங்க. கலிபோர்னியாவுல 2024ல இதுக்குன்னே சட்டம் போட்டாங்க. விக்கிறது உரிமம்தான்னு தெளிவாச் சொல்லாம "வாங்கு"ன்னு பட்டன் வைக்கக் கூடாதுன்னு. அதுக்கப்புறம் ஸ்டீம்லயும் காசு கட்டுற இடத்துல அந்த அறிவிப்பு வருது.

தி க்ரூ தெரியும்தானே? 2014ல வந்த கார் கேம். 2024 மார்ச் 31ல சர்வரை நிறுத்தினாங்க. தனியா ஆடுற பகுதியும் சேர்ந்தே செத்துப்போச்சு. டிஸ்க் கையில வெச்சிருக்கிறவனுக்கும் இல்ல. அதுல கிளம்பினதுதான் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம். ஐரோப்பாவுல 10 லட்சம் கையெழுத்து தாண்டிச்சு. சர்வரைக் காலம் முழுக்க ஓட்டுன்னு அவங்க கேக்கல. மூடும்போது வாங்கினவன் ஆடுற மாதிரி விட்டுட்டுப் போன்னுதான் கேக்கிறாங்க.

நம்ம ஊர்ல இருந்து அதுல கையெழுத்துப் போட முடியல, அது ஐரோப்பியக் குடிமக்களுக்கு மட்டும் இருந்துச்சு. நம்மகிட்ட இருந்து இப்படி ஒரு கோரிக்கை எப்ப வரும்?

#14 ஜமுனாமரத்தூர்_டீச்சர்

ஒரு சின்ன உதவி. நான் ஜவ்வாது மலையில பள்ளியில வேலை செய்றேன். சிக்னல் இருக்கிற இடத்துக்கு நடந்து போகணும். தம்பி பையன் லீவுக்கு வர்றான், லேப்டாப் கொண்டு வர்றான். இங்க நெட் இல்லாமலே ஓடுற கேம் எப்படிப் பாத்து வாங்கறது? திருட்டுப் பிரதி வேணாம்.

#15 விஐடி_பழைய_மாணவன்

டீச்சர், ஜிஓஜில வாங்குங்க. 2008ல இருந்து இருக்கு. அங்க இன்ஸ்டாலர் ஃபைலையே இறக்கிப் பென்டிரைவ்ல வெச்சுக்கலாம். "ஆஃப்லைன் பேக்கப் இன்ஸ்டாலர்"னு இருக்கும், அதை இறக்கணும். மலையில போய்ப் போட்டாலும் யாரையும் கேக்காது. பழைய கேம் நிறைய இருக்கு, சாதாரண லேப்டாப்லயே ஓடும், விலையும் கம்மி.

ஸ்டீம்ல வாங்கினா கடைப் பக்கத்துல வலது பக்கம் கீழ பாருங்க. மூன்றாம் தரப்புப் பூட்டு இருந்தா அங்க எழுதியிருக்கும். வேற அக்கவுண்ட் கேட்டாலும் எழுதியிருக்கும். பிசி கேமிங் விக்கிங்கிற தளத்துல கேம் பேர் போட்டா எந்தப் பூட்டு, எந்தக் கடையில பூட்டு இல்லன்னு வரும். வீட்டுலயே போட்டுட்டு, நெட்டைப் பிடுங்கி ஒரு தடவை திறந்து பாத்துட்டு மலைக்கு அனுப்பச் சொல்லுங்க. திறக்கலன்னா ஸ்டீம்ல வாங்கின 14 நாளுக்குள்ள, ஆடினது ரெண்டு மணி நேரத்துக்குள்ள இருந்தா காசு திரும்ப வரும்.

#16 ஜமுனாமரத்தூர்_டீச்சர்

ரொம்ப நன்றி தம்பி. நெட்டைப் பிடுங்கிப் பாக்கறது நல்ல யோசனை.

#17 காட்பாடி_ஜங்ஷன்

வக்கீல் மேடம், வாங்கின பக்கத்தைத் திரும்பப் பாத்தேன். இணைய இணைப்பு தேவைன்னு கணினித் தேவைகள் பட்டியல்ல கடைசி வரியில ஒரு இடத்துல இருக்கு. எப்பவுமே தேவையா, முதல் தடவை மட்டுமான்னு இல்ல. நான் வாங்கினப்ப அந்த வரி இருந்துச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

#18 கோர்ட்_வளாகம்_சத்துவாச்சாரி

இணையப் பக்கங்களைத் தேதி வாரியாச் சேமிக்கிற வேபேக் மெஷின்ல அந்தப் பக்கத்தோட முகவரியைப் போட்டுப் பாருங்க. நீங்க வாங்கின மாசத்துப் படி கிடைச்சா சேமிச்சு வைங்க. காசு கட்டின மெயில், பேங்க் எஸ்எம்எஸ், பிழைச் செய்தி வந்த ஸ்க்ரீன்ஷாட் தேதியோட வேணும். முதல்ல கம்பெனிக்கு எழுத்துல ஒரு புகார் அனுப்புங்க, பதில் வர 15 நாள் கொடுங்க. புகாரைத் தமிழ்லயே எழுதி எனக்கு இங்க தனிச்செய்தில அனுப்புங்க, பாத்துத் திருத்தித் தரேன். ஆம்பூர் அண்ணா, அந்தக் கார் கேம் விஷயம் காலம் கடந்துபோச்சு, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டிருக்கணும். இப்ப இந்த மாதிரி யாருக்காவது நடந்தா தேதி போகறதுக்குள்ள அனுப்பி வைங்க.